நூறு நாற்காலி போதும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமல் பூஜை அறை வரை நடக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பயிற்சி கொடுக்க வரும் பெண்ணையே அவர் மிரட்டுகிறார் என்றால் பழைய தெம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். என் நமஸ்காரத்தைச் சொல்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பையனுக்கு சியாட்டிலில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இவர் அடுத்த வருஷம் ரிடையர் ஆகிறார்; இப்போதே தோட்டத்துக்கு விதைப் பொட்டலங்களாக வாங்கி அடுக்குகிறார். நம் ஊர்க் கத்தரிக்காய் இந்தக் குளிரில் எங்கே காய்க்கப் போகிறது? ஆனாலும் நான் ஒன்றும் சொல்வதில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் மாதம் ஒரு கச்சேரி வைக்கலாமா, இவ்வளவு சின்ன இடத்துக்கு வித்வான்கள் வருவார்களா, வந்தாலும் ஜனங்கள் வருவார்களா என்று எழுதியிருந்தாய். தாராளமாக வை. நான் இப்போது அடிக்கடி போகிற ஒரு இடத்தைப் பற்றிச் சொன்னால், ஏன் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் என்பது உனக்கே புரியும்.

பாஸ்டனிலிருந்து ஆற்றைத் தாண்டினால் கேம்பிரிட்ஜ். அங்கே ஹார்வர்டு சதுக்கத்தை ஒட்டி பாமர் தெரு என்று ஒரு சந்து இருக்கிறது. அதில் படியிறங்கிப் போனால் கிளப் பாசிம் என்ற பாட்டு அரங்கம். தெரு மட்டத்துக்குக் கீழே ஒரே ஒரு அறை. நூறு பேருக்குச் சற்றே கூடுதலாக உட்காரலாம், அவ்வளவுதான். முன்னால் இருக்கிற மேசையில் இடம் கிடைத்தால் பாடுகிறவர் மூச்சை இழுப்பது கேட்கும், கிட்டார் தந்தியில் விரல் நழுவுவது கேட்கும். பையன் போன பிறகு சாயங்காலப் பொழுது நகராமல் கிடந்தது. அங்கே தொண்டர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டேன். டிக்கெட் பார்த்து உட்கார வைப்பது, முடிந்த பிறகு நாற்காலிகளைச் சரி செய்வது. வேலை அவ்வளவுதான், பாட்டு முழுவதும் கேட்கலாம்.

இந்த இடத்துக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1958 ஜனவரியில், அப்போதுதான் கல்லூரி முடித்த இரண்டு பெண்கள் மவுண்ட் ஆபர்ன் தெரு 47-ஆம் எண் கட்டடத்தில் ஜாஸ் கேட்கும் காப்பிக்கடையாக இதைத் தொடங்கினார்கள். பெயர் கிளப் 47. அதே வருஷம் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கிட்டாரோடு பாட வந்தாள். அப்பா இயற்பியலாளர்; எம்.ஐ.டி.யில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்திருந்தார். முதல் நாள் கேட்க வந்தவர்கள் அம்மா, அப்பா, தங்கை, நாலைந்து சிநேகிதர்கள். அந்தப் பெண் ஜோன் பேஸ். அடுத்த வருஷம் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடை, 1960-இல் முதல் இசைத்தட்டு, அதற்கப்புறம் உலகமே அறிந்த பெயர். இதை எல்லோரும் ஒரு பெரிய பாடகி உருவான கதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது, முதல் நாள் காலி நாற்காலிகளைப் பார்த்த பிறகும் அவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பாட வைத்தார்களே, அதுதான். உன் மாடிக்கும் முதல் மாதம் எட்டுப் பேர் வரலாம். இரண்டாவது மாதமும் நீ பாய் விரிக்கிறாயா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1963-இல் கிளப் இப்போதிருக்கும் பாமர் தெரு அறைக்கு மாறியது. அந்தக் காலத்தில் இங்கே வந்து பாடியவர்களில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்பவரை நீ கட்டாயம் கேட்க வேண்டும். கறுப்பினத்தவர், விவசாயக் கூலி. 1928-இல் சில பாட்டுகள் பதிவு செய்தார். அவை விற்கவில்லை. ஊருக்குத் திரும்பி வயல் வேலை, மாடு மேய்ப்பது என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு இசைத்தட்டு ரசிகர், அவர் பாட்டிலேயே வருகிற ஊர்ப் பெயரை வரைபடத்தில் தேடிப் பிடித்து, நேரே அந்த ஊருக்குப் போய் விசாரித்தால், ஆள் அங்கேயே இருக்கிறார்! கையில் கிட்டார்கூட இல்லை. எழுபது வயதில் வெளியே வந்து, விழாக்களிலும் இது மாதிரிச் சின்ன அறைகளிலும் பாடி, மூன்று வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் கட்டை விரல் கீழ்த்தந்திகளில் தாளம் பிசகாமல் நடந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேலே பாட்டை வாசிக்கும். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. பெரிய மைதானத்தில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

1968-இல் கிளப் 47 மூடப்பட்டது. அடுத்த வருஷம் அதே அறையில் பாசிம் வந்தது. பாப் டான்லின், ரே ஆன் டான்லின் என்ற தம்பதி கால் நூற்றாண்டு அதைக் கட்டிக் காப்பாற்றினார்கள். 1990-களின் நடுவில் லாபநோக்கற்ற அமைப்பாக மாறி இன்று வரை ஓடுகிறது. அப்படி மாறிய பிறகு அதன் தலைமைப் பொறுப்பில் பல வருஷம் இருந்த பெட்ஸி சிகின்ஸ், ஒரு காலத்தில் கிளப் 47-இல் மேசை மேசையாகக் காப்பி கொண்டுபோய் வைத்தவர். ஜோன் பேஸின் கல்லூரித் தோழி. கேட்டபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போன விஷயம் இது.

இப்போது உனக்கென்றே சேர்த்து வைத்த சங்கதி. போன மாதம் வெர்மான்ட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், ஒரு பையன் ஃபிடில். ஃபிடில் என்றால் நம் வயலின்தான், வாசிப்பதுதான் வேறு. முதல் பாட்டு முடிந்ததும் பையன் பிரடையைத் திருகி சுருதி மாற்றினான். வழக்கமாக இங்கே நாலு தந்தியையும் ஜி, டி, ஏ, ஈ என்ற மேற்கத்திய ஸ்வரங்களில் கூட்டுவார்கள். அவன் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஒரு ஸ்வரம் ஏற்றி ஏ, ஈ, ஏ, ஈ என்று வைத்தான். வில்லை எடுத்து நாலு தந்தியையும் ஒரு இழுப்பு இழுத்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ச-ப-ச-ப! நீ ஹாஸ்டல் மொட்டைமாடியில் தினம் விடியற்காலையில் கூட்டுவாயே, அதே சுருதி. அப்பலாச்சியன் மலைப்பக்கத்துப் பழைய ஆட்கள் எப்போதிருந்தோ இப்படித்தான் கூட்டுகிறார்களாம். இரண்டு தந்தியைச் சேர்த்து வில் போடுவதால் ஆதார சுருதி கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். கமகம் இல்லை, ஆனால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் விரல் சறுக்கிப் போகிற இடங்கள் உண்டு. இடைவேளையில் அவனிடம் போய், எங்கள் ஊரில் எல்லா வயலினும் இந்தச் சுருதியில்தான் என்றேன். கண்ணை அகல விரித்துப் பார்த்தான். உன் வாசிப்பு ஒன்றை போனில் போட்டுக் காட்டினேன். உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பதை விட்டு அவன் கண்ணை எடுக்கவே இல்லை.

பாஞ்சோவும் லேசுப்பட்டதல்ல. ஐந்தாவது தந்தி மற்றதைவிடக் குட்டை. அதன் பிரடை கழுத்தின் நடுவிலேயே இருக்கும். விரலால் மீட்டாமல், நகத்தின் மேல்பக்கத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டுகிறார்கள். தட்டி முடிக்கிற கணத்தில் கட்டை விரல் அந்தக் குட்டைத் தந்தியைச் சுண்டும். பாட்டு எங்கே போனாலும் அந்த ஒரு ஸ்வரம் விடாமல் துள்ளிக்கொண்டே இருக்கும். இந்த வாத்தியத்தை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் இங்கே உருவாக்கினார்கள். செனகல், காம்பியா பக்கம் அகோன்டிங் என்று சுரைக்குடுக்கையில் செய்த வாத்தியம் இன்றும் இருக்கிறது. அதிலும் கட்டை விரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி, அதே மாதிரி கீழ்நோக்கித் தட்டும் வாசிப்பு. ரொம்ப காலம் பாஞ்சோவை வெள்ளைக்காரர்களின் மலைப்பாட்டு வாத்தியம் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை மாற்றியவர்களில் பாடகி ரியானன் கிடன்ஸ் முக்கியமானவர். 2005 வாக்கில் அவரும் இரண்டு நண்பர்களும் வட கரோலினாவில் மெபன் என்ற ஊரில் இருந்த ஜோ தாம்ப்சன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞரின் வீட்டுக்கே போய், அவரோடு உட்கார்ந்து வாசித்து வாசித்துப் பாடம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாடாந்தரத்தில் போட்ட ஆல்பத்துக்கு 2011-இல் கிராமி இசை விருது கிடைத்தது. நீ உன் குருவின் வீட்டுத் திண்ணையில் கற்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லு! இந்தப் பாட்டெல்லாம் வீட்டுக் கூடத்திலும் சமையலறையிலும் புழங்கியவை. சின்ன அறையில் அவை பாந்தமாக உட்காருவதில் ஆச்சரியமே இல்லை.

இப்போது இதற்கெல்லாம் சேர்த்து அமெரிக்கானா என்று பெயர் வைத்து, கிராமியில் தனி விருதும் கொடுக்கிறார்கள். நாட்டுப்பாடல், ப்ளூஸ், கன்ட்ரி எல்லாம் கலந்த வகை. பெயர் எதுவானால் என்ன, மரத்தில் செய்த வாத்தியம், மனுஷக் குரல், ஒரு கதை. எனக்கு அது போதும்.

மைக் பற்றி நீ எழுதியிருந்தது மனசைக் கஷ்டப்படுத்தியது. அந்த சபாவில் உன் வயலினை அந்த அளவுக்குக் கத்த வைத்து, மிருதங்கம் இடியாக விழ, தனி ஆவர்த்தனத்தில் பாதிக் கூட்டம் கேன்டீனுக்கு எழுந்து போனது என்றாயே. இங்கே பழைய முறை ஒன்று பார்த்தேன். புளூகிராஸ் என்று பாஞ்சோ, ஃபிடில், கிட்டார் எல்லாம் சேர்த்து வாசிக்கும் குழு வந்தால் நடுவில் ஒரே ஒரு மைக் வைக்கிறார்கள். நாலு பேரும் அதைச் சுற்றி நிற்பார்கள். யாருக்கு முறையோ அவர் ஒரு அடி முன்னே வருவார், முடிந்ததும் பின்னால் ஒதுங்குவார். சத்தம் கூட்டுவதும் குறைப்பதும் வாசிக்கிறவர்களின் காலிலும் காதிலும் இருக்கிறது. உன் மாடிக்கு அந்த ஒரு மைக்கும் வேண்டாம். இங்கே கேட்கிறவர்களும் பாட்டு நடக்கும்போது பேச மாட்டார்கள். நாஷ்வில்லில் புளூபேர்ட் கஃபே என்று தொண்ணூறு பேர் உட்காரும் இடம் ஒன்று 1982-இலிருந்து நடக்கிறது. அங்கே யாராவது பேசினால் உஷ் என்று அடக்குவதையே ஒரு மரபாக வைத்திருக்கிறார்கள். நீயும் முதல் நாளே சொல்லிவிடு. வருத்தப்படுகிறவர்கள் படட்டும்.

ஆனால் பாசிமில் எனக்கு மிகவும் பிடித்தது பெரிய பெயர்கள் வரும் நாள் அல்ல. ஓபன் மைக் இரவு. யார் வேண்டுமானாலும் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்றிரண்டு பாட்டுப் பாடலாம். பள்ளி ஆசிரியர், நர்ஸ், கல்லூரிப் பிள்ளைகள். கை நடுங்கும், வரி மறந்துபோகும், மறுபடி ஆரம்பிப்பார்கள். அன்றைக்கும் மைக் சத்தத்தைச் சரிசெய்யும் பலகையில் இருக்கிறவர் அதே சிரத்தையோடு உட்கார்ந்திருப்பார், விளக்கும் அதே விளக்குதான். ஜோஷ் ரிட்டர் என்ற பாடகர் இந்த ஓபன் மைக்குகளில் பாடி வளர்ந்தவர். ட்ரேசி சாப்மன் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஹார்வர்டு சதுக்கத்துத் தெருவோரம் நின்று பாடியவர், பாசிமிலும் பாடியிருக்கிறார். 1988-இல் அவருடைய முதல் ஆல்பம் வந்து உலகம் முழுக்கப் பரவியது. அப்படி வருகிறவர்கள் ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்கள் அடுத்த வாரமும் வந்து பாடுவார்கள், அவ்வளவுதான். அவர்களுக்காகவும் விளக்குப் போடுகிற இடம் என்பதால்தான் இது இத்தனை காலம் நிற்கிறது என்று நான் நம்புகிறேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ கணக்கில் கெட்டிக்காரி. நூறு டிக்கெட்டை வைத்து இந்த ஊரில் வாடகை, சம்பளம் கொடுத்துக் கட்டாது. சந்தா கட்டும் உறுப்பினர்கள், நன்கொடை, கூடவே நடத்தும் இசைப்பள்ளி, அறைக்குள்ளேயே சாப்பாடு. இப்படித்தான் ஓடுகிறது. 2020-இல் கொரோனாவால் பூட்ட வேண்டி வந்தபோது, கச்சேரிகளை இணையத்தில் நடத்தினார்கள். வேலையிழந்த கலைஞர்களுக்கு நிவாரண நிதியும் திரட்டிக் கொடுத்தார்கள். பாடகர்கள் பாடு கஷ்டம்தான். வெர்மான்ட் ஜோடி தங்கள் காரிலேயே வாத்தியத்தோடு வந்து, தெரிந்தவர் வீட்டு சோபாவில் படுத்து, காலையில் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். வாசல் மேசையில் விற்ற சிடிகளும் டீ-ஷர்ட்டும்தான் பெட்ரோல் காசு.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. வசூல் எவ்வளவு ஆனாலும் அன்றைக்கே கவரில் போட்டு வாசித்தவர் கையில் கொடு. முதல் அரை மணியை உன் மாணவர்களுக்கு ஒதுக்கு. ஒரு வர்ணம் வாசிக்கிற பிள்ளையாக இருந்தாலும் சரி. பெரிய வித்வானைத் தேடி அலையாதே. டிபன் கொடுத்தால் முடிந்த பிறகு கொடு. மாதத்தில் ஒரே நாளாக, இரண்டாவது ஞாயிறு என்றால் இரண்டாவது ஞாயிறு, மழையோ வெயிலோ மாற்றாதே.

ஜனவரியில் நான் வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. அதற்குள் ஒரு கச்சேரியாவது நடத்திவிட்டு எனக்கு எழுது. யார் வந்தார்கள், என்ன வாசித்தார்கள், எல்லாம் விவரமாக வேண்டும். அந்த ஃபிடில் பையன் உன் வாசிப்பை இன்னும் கேட்க வேண்டும் என்று மின்னஞ்சல் முகவரி கொடுத்திருக்கிறான். மோகனம் ஒன்று பதிவு செய்து அனுப்புடி. அவனுக்கு அது சட்டென்று பிடிபடும், இங்கத்திய பழைய பாட்டுகளில் பல அந்த ஐந்து ஸ்வரத்தில்தான் நிற்கின்றன.

என் பையனுக்குப் பலகாரம் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாய். முறுக்கு மட்டும் போதும்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் தோழி