லுசேர்னுக்கு வரும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஒக்டோபர் கடைசி வார இறுதியில் நீயும் மருமகனும் லண்டனிலிருந்து சுவிஸுக்கு, லுசேர்னுக்கு வருகிறீர்கள் என்று பெரியம்மா சொன்னா. ஹோட்டலும் எடுத்தாயிற்றாம். நல்லது, ஹோட்டலில் நிற்பதுதான் சரி. எனக்கும் ஒரு வரி போட்டிருக்கலாம். சரி, விடு. நீங்கள் இரண்டு பேருமே இங்கே வந்ததில்லை. அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

சூரிச் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. லுசேர்னுக்கு மணிக்கு ஒரு நேரடி ரயில், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் ‘ஸ்பார்பில்லெட்’ என்று மலிவு ரிக்கெட் காட்டும். வரும்போது அதை வாங்காதே. அது குறித்த ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், விமானம் சுணங்கினால் காசு போய்விடும். திரும்பும்போது வாங்கு. எந்த ரிக்கெட்டானாலும் ரயில் அசைய முன் வாங்கி முடித்திருக்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு வாங்கினால் பரிசோதகர் தண்டம் எழுதுவார்.

லண்டன் கடைகளில் ‘ஐரோப்பா’ என்று போட்டு விற்கும் தடித்த வட்டப் பிளக் அடாப்டர் சுவிஸ் சுவரில் நுழையாது. மெல்லிய இரண்டு முள் உள்ளதாகப் பார்த்து எடு. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இல்லை, போன் கட்டணத்தையும் முன்கூட்டியே பார்.

இனிப் பனிமூட்டம். உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான். காலையில் யன்னலைத் திறந்தால் ஏரியும் தெரியாது, மலையும் தெரியாது, எல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். அதைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் போனோடு படுத்துவிடாதீர்கள். இந்தக் காலத்தில் பாரமான குளிர்காற்று ஆல்ப்ஸுக்கும் ஜூரா மலைகளுக்கும் நடுவிலுள்ள தாழ்நிலத்தில் தேங்கிவிடும். அதற்கு மேலே இளஞ்சூட்டுக் காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். மூட்டத்தின் மேல்விளிம்பு பெரும்பாலும் 800, 1,000 மீற்றரில் முடிந்துவிடும். ஏரிக்கரையில் நிற்கும் றிகி மலையின் உச்சி, குல்ம் என்பார்கள், 1,798 மீற்றர். அங்கே நல்ல வெயில் எறிக்கும், பல நாட்களில் கீழே உள்ளதை விடச் சூடாகவும் இருக்கும்.

ஆனால் வெப்கேம் பார்க்காமல் ஏறாதே. மழை மேகமென்றால் உச்சியும் வெள்ளையாகத்தான் கிடக்கும், ரிக்கெட் காசு வீணாகும். குல்ம் வெப்கேமில் நீலம் தெரிந்தால் உடனே வெளிக்கிடு. மலைக்கு முன்பதிவு தேவையில்லை.

லுசேர்ன் நிலையத்து வாசலில் வீதியைக் கடந்தால் கப்பல்துறை. றிகி அடிவாரத்து ஊரான ஃபிட்ஸ்னவுக்குக் கப்பலில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், அங்கிருந்து குல்முக்குப் பற்சக்கர ரயிலில் அரை மணித்தியாலம். 1871இல் ஓடத் தொடங்கிய பாதை, ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில். மருமகனுக்கு இயந்திரம் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன்: ஏரியில் பழைய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் ஐந்து உண்டு. ‘ஊரி’ 1901இல் கட்டியது. அன்றைக்கு ஒன்று ஓடுகிறதா என்று அட்டவணையில் பார். நடுத்தட்டில் நின்றால் கீழே இயந்திரம் சுழல்வதைப் பார்க்கலாம். நீயும் பக்கத்தில் நின்று பார், பிள்ளை. அவர் விளக்கம் சொன்னால் கேள். போன் பையில் இருக்கட்டும், இரண்டு பேருடையதும்.

இறங்கும்போது குல்மிலிருந்து நடுவழியிலுள்ள கால்ட்பாட் வரை நடந்து வாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இறக்கம். ஈர இலை வழுக்கும், பிடிப்புள்ள சப்பாத்துப் போடு. நாகரிகச் சப்பாத்து வேண்டாம். கால்ட்பாட்டில் இருந்து ஏரிக்கரை ஊரான வெக்கிஸுக்குக் கேபிள் கார் இருக்கிறது. பலர் பிழைவிடுவது வெக்கிஸில்தான்: கேபிள் கார் நிலையத்திலிருந்து கப்பல்துறைக்குக் கால் மணித்தியால நடை. இலையுதிர் காலத்தில் கப்பல்கள் குறைவு, கடைசிக் கப்பலின் நேரத்தை ஏறுவதற்கு முன்பே எழுதி வை.

உச்சி தெரியாத நாளென்றால் ஊருக்குள்ளேயே நில்லுங்கள். மரப்பாலத்தை எல்லாரும் பார்ப்பார்கள். 1993 ஆகஸ்டில் எரிந்தது, மறு ஆண்டு சித்திரையில் திறந்தார்கள். எரிந்த ஓவியங்களில் பெரும்பகுதி மீளவில்லை. கொஞ்சம் கீழே ஆற்றில் ஊசி அணை இருக்கிறது, மருமகனுக்குக் காட்டு. மரச் சட்டங்களைக் கையால் செருகியும் உருவியும் ஏரி நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஊரின் பழைய கோட்டை மதிலான முசெக்கில் திறந்திருக்கும் கோபுரங்களை நவம்பர் 1க்குப் பிறகு மூடிவிடுவார்கள், உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. அங்குள்ள மணிக்கூட்டுக் கோபுரம் ஊரிலுள்ள மற்ற மணிகளுக்கு ஒரு நிமிடம் முன்னதாக அடிக்கும்.

சாப்பாட்டில் கவனம். ‘எல்ப்ளர்மக்ரோனன்’ என்பது மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ், பொரித்த வெங்காயம், பக்கத்தில் ஆப்பிள் மசியல். மருமகனுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் பல இடங்களில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், ‘ஓனே ஸ்பெக்’ என்று சொல்லி வாங்கு. வீதியில் சுட்ட கஸ்கொட்டை விற்பார்கள், சூட்டோடு சாப்பிடு.

சனி இரவு கோடைகால நேரம் முடிந்து மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும், லண்டனிலும் அப்படித்தான். ஞாயிறு ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அன்று கடைகள் பூட்டு, ரயில் நிலையத்துக்குள் உள்ளவை மட்டும் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கு ஒன்றும் திட்டம் போடாதே. ஏரிக்கரையில் ஆறுதலாக நடந்து கதையுங்கள்.

உன் பதவி உயர்வை இங்கே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். நீ கெட்டிக்காரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போனில் உன் குரல் சுருங்கிக் கேட்கிறது. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு மருமகன் போனுக்கு வரவும் இல்லை. வேலை கூட என்கிறாய். இருக்கும். ஏன் என்று நான் கேட்கவில்லை. வெப்கேமை மட்டும் மறக்காதே, ஏறுவதற்கு முன் பார்.

இன்னொன்று. ஹோட்டலில் பதியும்போது விருந்தினர் அட்டை தருவார்கள், தராவிட்டால் கேட்டு வாங்கு. நிற்கும் நாட்களில் வலயம் 10க்குள், அதாவது லுசேர்னிலும் சுற்றுப்புறத்திலும், பஸ்ஸும் ரயிலும் இலவசம். நிலையத்தின் முன்னிருந்து 2ஆம் இலக்க பஸ் நான் இருக்கும் எமன்புரூக்கவுக்கு வரும், அதுவும் வலயம் 10தான். ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். நான் வீட்டில்தான் நிற்பேன். புட்டு அவிக்க அரை மணித்தியாலம் காணும், முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

அன்புடன்,
அப்பா