ரம்பத்தை நிறுத்திய அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

புதுச்சேரிக்காரர்களுக்கு 2024 நவம்பர் 30 இரவைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு எங்கள் தோட்டத்துக்கு ஓடி வந்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல். ஞாயிறுதோறும் ஊருக்கே திறந்திருக்கும் தோட்டம் இது. நன்றியையும் ஊரறியச் சொல்வதுதான் முறை.

முதல் வணக்கம் தெருவை மறித்துக் கிடந்த பூவரச மரத்தை அறுக்க வந்த அண்ணனுக்கு.

அண்ணே, அன்றைக்கு உங்களுக்கு இன்னும் பல தெரு பாக்கி. வண்டியில் ஏறுகிற அளவுக்கு மூன்று மூன்று அடியாகத் துண்டு போட்டுவிட்டுப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். நீங்களோ மெஷின் ரம்பத்தை நிறுத்திவிட்டு, அரிவாளின் முதுகால் மரத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனீர்கள். கெட்டி மரத்தின் சத்தம் வேறு, உள்ளே பொந்து விழுந்த மரத்தின் சத்தம் வேறு. புள்ளி ஆந்தைச் சோடி குடியிருந்த பொந்தை அப்படித்தான் கண்டுபிடித்தீர்கள்.

விழுந்த மரத்தோடு இப்படி எத்தனையோ வீடுகள் போய்விடுகின்றன என்பதால், நீங்கள் செய்ததை அப்படியே எழுதிவைக்கிறோம். டார்ச் அடித்து உள்ளே முட்டையோ குஞ்சோ இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொண்டீர்கள். பொந்தின் வாய் உள்ளங்கை அகலம்தான். உள்கூடு அங்கிருந்து கீழ்நோக்கி இறங்கியிருக்கும். வாயை ஒட்டி அறுத்தால் அடி திறந்துகொண்டு வெறும் குழாயாகிவிடும். அதனால் தட்டும் சத்தம் மாறிய இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, அதற்கும் ஒரு சாண் கீழே அறுத்தீர்கள். மேல்பக்கம் வாயிலிருந்து ஒரு அடி விட்டீர்கள். மேலே தெரிந்த ஓட்டையை அதே மரத்தின் சில்லால் மூடினீர்கள்.

அந்தத் துண்டு இப்போது பக்கத்துப் புங்க மரத்தின் கவையில், 12 அடி உயரத்தில் இருக்கிறது. ஆணி இல்லை, தேங்காய் நார்க் கயிறுதான், மூன்று சுற்று. வடகிழக்குச் சாரல் உள்ளே அடிக்காதபடி வாய் மேற்கே பார்க்கிறது, மழைநீர் வழிந்துவிட இரண்டு விரற்கடை முன்சாய்வு. கயிறு மட்கும், மரமும் பருக்கும்; வருஷத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்டச் சொன்னீர்கள். கட்டுவோம். சோடி திரும்பிவிட்டது, அண்ணே.

புள்ளி ஆந்தைக்கு மரம் குடையத் தெரியாது. கிளை முறிந்து உளுத்த பொந்தையோ கிளி விட்டுப்போன பொந்தையோதான் நம்பி வாழ்கிறது. அப்படி ஒரு பொந்து உண்டாக மரம் முதிர வேண்டும். கன்று நட்டு அதை ஈடுகட்ட முடியாது. எலி மருந்து வைக்காத தோட்டத்தில் எலியைக் கட்டுக்குள் வைத்திருப்பது இந்தப் பறவைகளும் சாரைப்பாம்பும்தான். மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும் என்பதால்தான் நாங்கள் அதை வைப்பதேயில்லை.

மற்றவர்களையும் மறக்கவில்லை. சாய்ந்த இளமரங்களை வேர் காயும் முன் நிமிர்த்தி, கொப்புகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, சவுக்குக் கழிகளை முக்கோணமாக ஊன்றிய பக்கத்துத் தெருப் பிள்ளைகள். கம்பி பட்டையை அறுக்கும் என்று சைக்கிள் டியூபால் கட்டியதும் அவர்கள்தான். குளத்து நீரை இறைத்த மோட்டாரின் நீர் உறிஞ்சும் வாயான ஃபுட்வால்வில் கொசுவலையைச் சுற்றித் தலைப்பிரட்டையையும் தும்பி இளவுயிரியையும் காப்பாற்றிய தம்பி. அடித்துப்போன கொடிக்குப் பதிலாக ஈஸ்வரமூலித் தண்டுகளைக் கணு பார்த்து வெட்டி ஈரச் சாக்கில் கொண்டுவந்த அக்கா: அந்தக் கொடி இல்லாவிட்டால் ரோஜா அழகன் வகைப் பட்டாம்பூச்சிகள் முட்டையிட இங்கே இடமில்லை. சோறு கொண்டுவந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் கைகூப்புகிறோம்.

பொங்கல் கழிந்து தோட்டம் மறுபடி திறக்கும், வழக்கம்போல் காலை 7 முதல் 10 வரை. மண் இன்னும் சொதசொதவென்று இருக்கிறது. பாதையை விட்டு இறங்கினால் மண் இறுகி வேருக்குக் காற்றுப் போகாது. அன்பளிப்பாக நர்சரிப் பூச்செடி வேண்டாம். அதில் அடித்த பூச்சிமருந்து இலையிலும் தேனிலும் தங்கியிருந்தால் புழுவும் தேனீயும் சாகும். மூலையில் குவித்திருக்கும் பூவரசக் கட்டைகளைக் குப்பை என்று நினைத்துப் புரட்ட வேண்டாம். அரணைக்கும் கருவண்டுக்கும் அது வீடு.

இனி எங்கள் தெருவில் எந்த மரம் விழுந்தாலும் அறுக்கும் முன் தட்டிப் பார்ப்போம். நார்க் கயிறும் 15 அடி ஏணியும் டார்ச்சும் தோட்டத்துக் கொட்டகையில் எப்போதும் இருக்கும். எந்தத் தெருக்காரரும் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஏணி பிடிக்க ஆள் வேண்டுமென்றால் நாங்களும் வருகிறோம்.