அக்கா ஏன் ஓடவில்லை என்று கேட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

சுனாமி வந்தபோது அக்கா ஏன் ஓடவில்லை என்று நீ கேட்டதற்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எழுதினால்தான் சரியாக வரும் என்று தோன்றியது. நம் கரையில் இதே கேள்வியோடு வளர்ந்த பிள்ளைகள் நிறைய பேர் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

2004-ல் எனக்கும் உன் அக்காவுக்கும் 15 வயது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தை வைத்து அவளை ரொம்ப அமைதியானவள் என்று நினைத்திருப்பாய். ஸ்டுடியோக்காரர் சிரிக்காதே என்று அதட்டியதால் வந்த முகம் அது. மீன் ஏலத்தில் கூடை விலையை ஏலக்காரருக்கு முன்னால் மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். அவர் தப்பாகச் சொன்னால் சண்டைக்கே போவாள். அவள் இருக்கும் இடத்தில் சத்தம் இருக்கும்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் நிலநடுக்கம். அதன் அளவு ஒன்பதைத் தாண்டியது. சென்னையில்கூட அதிர்வு தெரிந்தது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நம் அக்கரைப்பேட்டையில் நாங்கள் எதையும் உணரவில்லை. படகுகள் கரைக்கு வரும் நேரம் என்று பெண்கள் கூடையோடு போனார்கள். பள்ளி இல்லாததால் பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மீன் வாங்கி வா என்று உன் அம்மா, நான் சின்னம்மா என்று கூப்பிடுபவர், உன் அக்காவை அனுப்பினார். ஒன்பது மணிவாக்கில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது.

கடல் முதலில் உள்வாங்கும், அதைப் பார்த்ததும் ஓட வேண்டும் என்று நீ படித்திருக்கிறாய். தாய்லாந்துப் பக்கம் அப்படித்தான் நடந்தது. நம் பக்கம் முதலில் வந்ததே அலைதான், அதற்குப் பிறகுதான் தண்ணீர் பின்வாங்கியது. எதைப் பார்த்து அவள் ஓடியிருப்பாள், சொல். ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அலை கடந்துபோனதே தெரியவில்லை. கரையில் இருந்த பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகமாகப் போனார்கள். தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து மறுநாள் ஊர் திரும்ப இருந்தவர்களும் அதில் உண்டு. விசைப்படகுகள் வீடுகளுக்கு நடுவே கிடந்தன. மறுநாள் முதல் நான் பார்த்ததை எழுத மாட்டேன். புதைகுழிகள் எங்கே என்று உனக்குத் தெரியும், அது போதும்.

மீனுக்கு அனுப்பியது நான்தான் என்று சின்னம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தாங்க முடியாதது அதுதான். ஆறரையிலிருந்து ஒன்பது வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததே! ஹவாயில் பசிபிக் பெருங்கடலுக்கான எச்சரிக்கை மையம் 1949 முதலே இயங்கியது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று இல்லை. ஒரு மணி நேரம் முன்னால் ஒரு ஒலிபெருக்கி கத்தியிருந்தால், ஓடக்கூட வேண்டாம், பாலத்தைத் தாண்டி மேற்கே நடந்தே போயிருக்கலாம். ஹைதராபாத்தில் நமக்கென்று ஒரு மையம் 2007-ல்தான் வந்தது. 2012 ஏப்ரலில் அதே சுமத்ராப் பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை கிடைத்தது, ஜனங்கள் கரையை விட்டு வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை. ஆனால் சொல்ல முடிந்தது அல்லவா?

அப்புறம் உன்னைப் பற்றி. சின்னம்மா முன்பே குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்தார். பிள்ளைகளை இழந்த தாய்மார்களுக்கு அதை மாற்றும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்தது. அப்படித்தான் 2006-ல் நீ பிறந்தாய். அவள் பெயரையே உனக்கு வைத்தார்கள். எனக்கு அதில் அன்றும் சம்மதம் இல்லை, இன்றும் இல்லை. உனக்குக் கணக்கு வராது, பாட்டு வரும். நீ பாடினால் எனக்கு உன் அக்கா ஞாபகம் வருவதே இல்லை. நீதான் தெரிகிறாய்.

சின்னம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. முழுதும் கேட்க மாட்டேன் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுதியதை மட்டும் படி. அழுதால் அழட்டும், நிறுத்தாதே. பொங்கலுக்கு நான் வருகிறேன். அவர் கேட்கும் மீதிக் கேள்விகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அக்காவின் தோழி