கரி அடுப்பு பற்றும் நேரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுகிறேன்.

இங்கே யாங்கோனில் காலை நாலரை. நேற்று ராத்திரி போன கரண்ட் இன்னும் வரவில்லை, ஃபோனில் மிச்சமிருக்கிற சார்ஜில்தான் இதைத் தட்டுகிறேன், பாதியில் நின்றுபோனால் அம்மா கோபத்தில் நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. கோலாலம்பூரில் இப்போது ஆறு மணி. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய்.

மூன்று வாரமாக நீ பேசவில்லை. "எல்லாத்தையும் சரிபண்ணிட்டு அம்மாகிட்ட பேசுறேன்" என்று அக்காவிடம் சொன்னாயாம். பெர்மிட் எடுத்துத் தருகிறேன் என்ற அந்த ஏஜென்டிடம் பணம் போனது எனக்குத் தெரியும். இரண்டு நாள் அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன், என் வளையலை விற்ற காசும் அதில் இருந்ததே. அப்புறம் அழுகை நின்றுவிட்டது. ஆனால் அந்த "சரிபண்ணிட்டு" மட்டும் எனக்கு முள்ளாகக் குத்துகிறது. எப்போது சரியாகும்? ஆறு மாதமா, இரண்டு வருஷமா? அதுவரைக்கும் நீ ஜெபமும் பண்ணமாட்டாய், சபைக்கும் போகமாட்டாய், அம்மாவுக்கும் பேசமாட்டாய், அப்படித்தானே?

உன் தாத்தாவை நினைத்துப் பார்த்தேன். 1964-இல் கடைகளை பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அதே வருஷம் மே மாதம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நம் ஆட்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸுக்குப் போனார்கள். தாத்தா போகவில்லை. ஜவுளிக்கடை வைத்திருந்த மனுஷன், கூடையில் பெபியோ, அதுதான் அவித்த பட்டாணி, வைத்துத் தெருத்தெருவாக விற்கப் போனார். ராத்திரி பட்டாணி ஊறும், விடியுமுன் வேகும், எட்டு மணிக்குள் கூடை காலியாக வேண்டும். மிஞ்சினால் சாயங்காலத்துக்குள் நூல் விட்டு நாறிப்போகும், இந்த ஊர் வெயில் உனக்குத் தெரியாததா. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து விழுந்த ஆகாரமான மன்னாவைப் பற்றி ஓய்வுநாள் பாடசாலையில் சொல்லிக் கொடுத்தபோது எனக்குத் தாத்தாவின் கூடைதான் ஞாபகம் வந்தது. தலைக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்குப் பொறுக்கு, ஓய்வுநாளுக்கு முந்தின நாள் தவிர மறுநாளைக்கு வைத்தால் புழுத்துப்போகும். மற்ற எந்த நாளிலும் ஒரு நாளுக்கு மேல் சேர்த்துக் கொடுக்கவில்லை, கவனித்தாயா.

தாத்தாவைப் பெரிய விசுவாச வீரர் என்று நினைக்காதே. போன கடையைச் சொல்லிச் சாகும்வரை புலம்பினார். புலம்பலும் வேதத்தில் ஒரு புத்தகம்தானே. எருசலேம் எரிந்து கிடக்கிறது, அந்தப் புத்தகத்தின் நடு அதிகாரத்தில்தான் கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்று வருகிறது. அடுத்த அதிகாரத்தைத் திறந்தால் மறுபடி அழுகை! முன்னெல்லாம் எனக்கு இது விளங்காது, நல்ல வசனத்தோடு முடித்திருக்கலாமே என்று தோன்றும். இப்போது அப்படித் தோன்றுவதில்லை.

இப்போது பால்கனியில் கரி அடுப்பு மூட்டிவிட்டு வந்தேன். கரண்ட் அடுப்பை நம்பி இங்கே யார் சமைக்கிறார்கள். நேற்றைய சாம்பலை அள்ளிவிட்டு, சின்னக் கரியாகப் பொறுக்கி அடியில் வைத்து, விசிறியால் பத்து நிமிஷம் வீசினால்தான் பிடிக்கிறது, கண்ணெல்லாம் எரிகிறது. கரிநெருப்பு என்றதும் போன ஞாயிறு பாஸ்டர் ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு தடவை வருகிறது. இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, நீயும் அவருடைய சீஷனா என்று கேட்டபோது, பேதுரு குளிர்காய்ந்துகொண்டே "நான் அல்ல" என்று மறுதலித்தது ஒன்று. உயிர்த்தெழுந்த பிறகு விடியற்காலையில் கடற்கரையில் இயேசு மீன் சுட்டு வைத்திருந்தது இன்னொன்று. கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடத்தில்தானாம். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் கர்த்தர் முதலில் அந்த மறுதலிப்பைப் பற்றிக் கேட்கவில்லை பார். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்கிறார். "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்டதெல்லாம் சாப்பிட்டு முடிந்த பிறகு. சரிபண்ணிக்கொண்டு வா, அப்புறம் சோறு போடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

காலைதோறும் புதிதாகத் தொடங்குவது எனக்கு மட்டும் கைவந்துவிட்டதா என்ன. கரண்ட் வந்தால் யார் முதலில் தண்ணீர் மோட்டார் போடுவது என்று கீழ்வீட்டு அம்மாவோடு எனக்குச் சண்டை. வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். ஞாயிறு திருவிருந்து எடுக்கும்போது கை நடுங்கியது, திங்கள் காலை படியிறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் டீ கொடுத்தார்கள். புதன்கிழமை மறுபடி கத்தினேன்! வியாழன் காலை மறுபடி அதே படி. உன் அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

சார்ஜ் ஏழு சதவீதம் காட்டுகிறது. அடுப்பில் கஞ்சி கொதிக்கிற சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்புமுன், எங்களுக்கு ஏழு மணி, உனக்கு எட்டரை, ஃபோன் பண்ணு. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கமாட்டேன், அப்பாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். பேச வரவில்லை என்றால் சும்மா லைனில் இரு, நாங்கள் சாப்பிடுகிற சத்தமாவது கேட்கட்டும்.

அம்மா