லால்குடியோடு ஓர் ஆண்டு: மன்றத்தின் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் எல்லாவற்றையும் வயலின் மேதை லால்குடி ஜெயராமனுக்கே ஒதுக்கினோம். "வருஷம் முழுக்க ஒருத்தரையேவா?" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முதல் கூட்டத்தில் அவருடைய வாழ்க்கை பற்றிப் பேசினோம். பிறப்பு 1930 செப்டம்பர் 17. முன்னோரில் ஒருவரான ராமய்யர் தியாகராஜரிடமே பாடம் கேட்டவர். ஜெயராமனுக்குக் குரு, தந்தை கோபாலய்யர். 12 வயதில் பக்கவாத்தியம் வாசிக்க மேடையேறினார். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி என்று ஆளுக்கொரு வழியில் பாடியவர்களுக்கெல்லாம் வாசித்திருக்கிறார். தனிக் கச்சேரி நட்சத்திரமாகவே அவரை நினைத்துப் பழகிய எனக்கு, பாடகரின் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்த அந்த வருடங்கள்தான் பெரிதாகப் பட்டன.

ஆண்டின் சிறந்த கூட்டம், சந்தேகமே இல்லாமல், வில் பற்றியது. வயலின் கற்கும் நம் உறுப்பினர் ஒருவர், ஒரு கீர்த்தனையின் பல்லவியை முதலில் ஒரே வில்லில் நீளமாக இழுத்து வாசித்தார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் என்ன பாட்டு என்று பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை. அப்புறம் அதே வரியை, சாகித்தியத்தின், அதாவது பாட்டு வரியின், எழுத்துகள் விழும் இடங்களில் வில்லை மாற்றி வாசித்தார். பின்வரிசையில் ஒருவர் தன்னையறியாமல் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். லால்குடியின் வயலின் பாடுகிறது என்கிறோமே, அதில் வில் பிடிக்கும் வலது கைக்கு எவ்வளவு பங்கு என்று அன்றுதான் புரிந்தது.

1966-இல் ரமணியின் குழலோடும் வெங்கட்ராமனின் வீணையோடும் அவர் தொடங்கிய வயலின்-வேணு-வீணைக் கச்சேரிகளின் ஒலிப்பதிவைக் கேட்க உட்கார்ந்த அன்று, நமது ஒலிபெருக்கி கரகரத்துப் பாதியில் நின்றது. அடுத்த மாதம் மறுபடி கேட்டோம். அவர் இயற்றிய சாருகேசி ராக வர்ணத்துக்கும் மோகனகல்யாணி ராகத் தில்லானாவுக்கும் ஒரே கூட்டம்தான் கிடைத்தது, போதவில்லை. பத்மஸ்ரீ 1972, பத்மபூஷண் 2001, 'சிருங்காரம்' பட இசைக்குத் தேசிய விருது என்று விருதுப் பட்டியலை வாசித்ததோடு சரி.

2013 ஏப்ரல் 22-இல் அவர் மறைந்தார். இந்த ஆண்டு அதே தேதியில் யாரும் பேசவில்லை. அவர் வாசிப்பை மட்டும் கேட்டுவிட்டுக் கலைந்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன் நழுவிவிட வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு எந்த வயலின் மேதை என்பதில் செயற்குழுவில் இரண்டு கட்சி: எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன் என்று பாதி, டி.என்.கிருஷ்ணன் என்று பாதி. இன்று கை தூக்கிச் சொல்லிவிடுங்கள்.

செயலாளர்