தூணைப் படுக்க வைப்பது எப்படி

மயூர் விஹார், டெல்லி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள யமுனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஆனால் அதைச் சொன்னால் நீ மாத்திரையைப் பற்றி விசாரிக்கமாட்டாய் என்று, சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன்.

நீ போனில் கேட்ட கேள்விக்கு வாட்ஸப்பில் இரண்டு வரி தட்டிவிட முடியாது. அதனால்தான் பழைய பழக்கப்படி பேப்பரில் எழுதுகிறேன். முடித்ததும் அம்மா போட்டோ எடுத்து அனுப்புவாள். கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சொல்லாதே, முப்பத்தெட்டு வருஷம் அதை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

விஷயம் இதுதானே. சித்தப்பா ஊர் வீட்டைக் கொடுத்துவிடலாம் என்கிறார். வாங்குகிறவர் இடித்துவிட்டு கல்யாண மண்டபம் கட்டப்போகிறார். காரைக்குடியிலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி வந்து, முற்றத்துத் தூண் எட்டு, வாசல் நிலை, கதவு, உத்தரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீ உடனே, "ஸ்கான்சென்ல வச்சிருக்கற மாதிரி முழு வீட்டையும் பெயர்த்து எங்கயாவது வைக்க முடியாதாப்பா?" என்றாய்.

போன ஜூனில் நீயும் மாப்பிள்ளையும் எங்களை ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமில் இருக்கும் அந்தத் திறந்தவெளி மியூசியத்துக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறது. இராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறதே என்று அம்மா புலம்பிக்கொண்டே நடந்தாள். நீங்கள் எல்லாரும் ரெய்ண்டீர் பார்க்கப் போனபோது நான் மட்டும் ஒரு பழைய மரவீட்டின் மூலையில் நின்றுவிட்டேன், ஞாபகமா? அங்கே நான் பார்த்துக்கொண்டிருந்தது கட்டைகள் ஒன்றையொன்று கவ்வும் இடத்தை. ஒவ்வொரு கட்டையிலும் ஆசாரி உளியால் வெட்டிய குறி இருந்தது. ஒரு கோடு, இரண்டு கோடு, பெருக்கல் குறி. எந்தக் கட்டைமேல் எது உட்கார வேண்டும் என்பதற்கான கணக்கு அது. அந்த மாதிரி வீட்டைப் பிரிப்பது அலமாரியைப் பிரிப்பது போலத்தான். ஹாஸெலியஸ் என்ற அந்த மனிதர் 1891இல் ஒரு குன்றின்மேல் அந்த இடத்தைத் திறந்து, நாடு முழுவதிலிருந்தும் வீடுகளை வரவழைத்தார் என்றால், அவருக்கு அந்த நாட்டின் மரம் கைகொடுத்தது. 1730இல் கட்டிய செக்லோரா தேவாலயத்தைக்கூட 1916இல் அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே. அதுவும் மரம்தான்.

நம் ஊர் வீடு அப்படி இல்லை அம்மா. செங்கல், சுண்ணாம்பு, மேலே நாட்டு ஓடு. தூணும் உத்தரமும் தேக்கு, சரி. ஆனால் ஒன்றரை அடிச் சுவரைப் பெயர்த்தால் கையில் கிடைப்பது வீடு இல்லை, லோடு கணக்கில் கப்பி. முட்டுக்காட்டில், தென்னாட்டுப் பழைய வீடுகளைக் கொண்டுவந்து வைத்திருக்கும் தட்சிணசித்ராவுக்கு உன் பத்தாவது லீவில் போனோமே, அங்கே புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டைப் பார்த்து நீ 'இதுல சுவரே மரமாப்பா' என்று தட்டித் தட்டிப் பார்த்தாய். கேரளத்து வீட்டுக்கு அந்த வசதி உண்டு. நம் பக்கத்து வீடுகளில் மரத்தை எடுத்துக்கொண்டுபோய், சுவரைப் புதிதாகத்தான் எழுப்பியாக வேண்டும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. 1996இல் அந்த இடத்தைத் திறந்தவர்கள் இல்லாவிட்டால், அந்தத் தூண்களெல்லாம் என்றோ ஏதாவது ஹோட்டலின் முகப்பில் நின்றிருக்கும்.

சரி, கேள்வி மண்டையில் உட்கார்ந்துவிட்டது. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மெட்ரோ ஏறினேன். மண்டி ஹவுஸில் மாறி, டெல்லி கேட்டில் இறங்கி, ஃபிரோஸ் ஷா கோட்லா. எத்தனை வருஷம் பஸ்ஸில் அந்த வழியாகப் போயிருக்கிறேன்! 1999இல் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் எடுத்த டெஸ்டுக்கு, பக்கத்து ஸ்டேடியத்தில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அன்றுகூட இந்தக் கோட்டைக்குள் கால் வைக்கவில்லை. டெல்லிக்காரன் டெல்லியைப் பார்ப்பது ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்தான்.

உள்ளே மூன்று அடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் ஒரு கட்டடம். அதன் உச்சியில் அசோகர் தூண். கிட்டத்தட்ட 13 மீட்டர், 27 டன், ஒரே கல். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷமாகியும் வெயில் பட்டால் மினுமினுக்கிறது. அது அங்கே நின்ற தூண் இல்லை. தோப்ரா என்ற கிராமத்திலிருந்து 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்தது. தோப்ரா இன்றைக்கு ஹரியானாவில் எந்த மாவட்டம் தெரியுமா? யமுனாநகர். உனக்குப் பெயர் வைத்தபோது எனக்கு இதெல்லாம் தெரியாது, ஜன்னல் வழியே ஆறு தெரிந்தது, அவ்வளவுதான்.

கொண்டுவந்த விதத்தை அஃபிஃப் என்ற சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதாம். பையன்கள் பார்க்கிற பார்வையே தனி, ஒன்றையும் விடவில்லை. முதலில் தூணைச் சுற்றி இலவம்பஞ்சை மலையாகக் குவித்தார்கள். அடிமண்ணைத் தோண்டத் தோண்டத் தூண் சாய்ந்து பஞ்சு மெத்தையில் படுத்தது. பிறகு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார்கள். சில நாளில் தூண் நோகாமல் தரைக்கு வந்துவிட்டது. குழந்தையைத் தோளிலிருந்து கட்டிலில் இறக்குவோமே, அந்தப் பக்குவம். அப்புறம் நாணலும் பச்சைத் தோலும் சுற்றி, 42 சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கயிறு, ஒவ்வொரு கயிற்றுக்கும் 200 ஆள். பெருக்கிப் பார், 8,400 பேர். யமுனைக் கரை வரை இழுத்து, பெரிய படகுகளில் ஏற்றி, உன் பெயர் கொண்ட ஆற்றிலேயே டெல்லிக்கு வந்து சேர்ந்தது.

எனக்குப் பிடித்தது வேறு. தோண்டியபோது தூணின் அடியில் சதுரமாக ஒரு பெரிய கல் இருந்ததாம். கண்ணுக்குத் தெரியாத கல், விட்டுவிட்டு வந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அதையும் எடுத்துவந்து இங்கே தூணுக்கு அடியிலேயே போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆபீசில் டிராயிங் பார்க்க வரும் புதுப் பையன்களுக்கு இந்தக் கதையை அப்போதே சொல்லியிருக்கலாம்.

தூணில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லி சுல்தான் பண்டிதர்களை அழைத்தார், ஒருவராலும் முடியவில்லை. 1837இல்தான் பிரின்ஸெப் என்ற வெள்ளைக்காரர் அந்த எழுத்தைப் படித்துக்காட்டினார். வழியெல்லாம் ஆலமரம் நட்டேன், கிணறு வெட்டினேன் என்று அசோகர் சொல்லும் ஏழாவது தூண் கட்டளை இந்த ஒரு தூணில்தான் இருக்கிறது. சுல்தான் கொண்டுவந்த இன்னொரு தூண், மீரட்டிலிருந்து வந்தது, ரிட்ஜ் காட்டுப் பக்கம் இருக்கிறது. அது பிறகு ஒரு வெடிவிபத்தில் ஐந்து துண்டாகி, 1867இல் ஒட்டி நிறுத்தினது. குதுப் மினார் புல்வெளியில் அநாதையாக உட்கார்ந்திருக்கும் மண்டபத்தை நீ சின்ன வயசில் 'பஸ் ஸ்டாப்' என்பாயே, அதுவும் இடம் மாறியதுதான். மேஜர் ஸ்மித் 1828இல் மினாரின் தலையில் வைத்த தொப்பி, பார்க்கச் சகிக்கவில்லை என்று 1848இல் இறக்கிவிட்டார்கள். டெல்லி முழுக்க இப்படி இடம் மாறினதுகள்தான், நம்மையும் சேர்த்து.

நேற்று வியாழன். வியாழக்கிழமை கோட்லாவில் ஜின்களுக்கு மனு கொடுக்கும் நாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. இடிந்த சுவரின் இருட்டு மாடங்களில் மெழுகுவர்த்திப் புகை, ஊதுபத்தி, ரோஜா. சுவரில் காசை அழுத்தி ஒட்டுகிறார்கள். மாடத்துக்கு மாடம் கடிதம். நோட்டுப் பேப்பரில் இந்தியிலும் உருதுவிலும் எழுதி, ஒரே மனுவை ஏழெட்டு ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மாடத்திலும் ஒன்று. ஒன்றில் பாஸ்போர்ட் போட்டோ ஒட்டி, முழு விலாசம், பின்கோடு வரை. ஆபீஸ் ஃபைலில் ஒரு பிழை சொல்ல முடியாது. என்ன கேட்டிருந்தது என்று எழுதமாட்டேன், படித்ததே தப்பு. அந்தத் தூணிலேயே ஒரு ஜின் குடியிருக்கிறதாம், லாட் வாலே பாபா, அதாவது தூண் பாபா, என்கிறார்கள்.

அங்கே உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தேன். தோப்ராவில் அந்தத் தூணைப் பீமனின் கைத்தடி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுல்தானுக்கு அது தன் பெருமை. இன்றைக்கு அது பாபா. போன இடத்தில் எல்லாம் அதற்கு யாராவது ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஸ்கான்செனில் அந்த மரவீட்டைப் பார்த்தபோது எனக்கு ஏதோ இடறியது, அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் சுத்தம், அடுப்பு துடைத்து வைத்திருக்கிறது, கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையவில்லை. வீட்டுக்கு மட்டும் வேலை இல்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அவர்கள் செய்தது பெரிய காரியம், நம்மால் ஆகாதது. ஆனால் நம் ஊர்த் திண்ணையைக் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் ரிசப்ஷனாக நினைத்துப் பார்த்தேன். பாட்டி பல்லாங்குழிக்கென்று கல்லில் வெட்டி வைத்த பதினாலு குழியில் கீ செயின் போட்டு வைப்பார்கள்.

அதனால் என் பதில்: முழு வீட்டைப் பெயர்க்க வேண்டாம். மரத்தை வியாபாரிக்கே கொடுக்கட்டும். நல்ல தேக்கு, எங்காவது ஒரு கூரையைத் தாங்கும், அதற்கு அந்த வேலை போதும். அம்மாவுக்கு ஊஞ்சல் பலகை வேண்டுமாம், இந்த ஃப்ளாட்டில் அதை எங்கே மாட்டுவது என்று கேட்டால் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள். வாசல் நிலையை எனக்கு ஆசைதான். ஏழரை அடி, லிஃப்டில் ஏறாது.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நேதாஜி நகர் குவார்ட்டர்ஸை இடித்துப் பல மாடி எழுப்பினார்களே, இடிக்கிற சமயம் ஒருநாள் அந்தப் பக்கம் போயிருந்தேன். உன் ஸ்டடி டேபிள் போட்டிருந்த பால்கனி எந்தக் குவியலில் இருக்கிறது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன், அந்த வீட்டின் ஒரு ஸ்கெட்ச்கூட என்னிடம் இல்லை. ஊரில் உள்ள கட்டடத்தையெல்லாம் வரைந்தவன், இருபத்திரண்டு வருஷம் இருந்த வீட்டுக்கு ஒரு கோடு போடவில்லை.

ஊர் வீட்டுக்கு அப்படி ஆக விடமாட்டேன். வாசல்படி முதல் கொல்லைக் கிணறு வரை அளந்து, 1:50 அளவில் பிளான், முற்றத்தை வெட்டி இரண்டு செக்ஷன், தூணின் தலையில் இருக்கும் போதிகைக்கு மட்டும் தனி ஷீட். கம்ப்யூட்டரில் இல்லை, கையால். தூண்களுக்கு ஒன்று முதல் எட்டு வரை நம்பர் போட்டுவிட்டேன், மனசுக்குள். மூன்றாம் தூணில் தாத்தா வெற்றிலை போட்டுவிட்டுச் சுண்ணாம்பு விரலைத் துடைத்துத் துடைத்து ஒரு வெள்ளைத் தடம் இருக்குமே, உள்ளங்கை அகலத்துக்கு, மண் சட்டியின் உள்பக்கம் மாதிரி சொரசொரவென்று. வியாபாரி முதல் வேலையாக அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவார், பாலிஷுக்கு அதுதான் முறை. அது தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பத்திரம் தை மாசக் கடைசியில் என்று சித்தப்பா சொல்கிறார். பொங்கல் முடிந்து ஒரு வாரம் உனக்கு லீவு கிடைக்குமா, பார். முப்பது மீட்டர் டேப் பழையது ஒன்று என்னிடம் இருக்கிறது. சித்தப்பா குனியமாட்டார், அம்மாவுக்கு முழங்கால். மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அப்பா