புயல் நாளின் ரேடார் படம் மறுநாள் கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கு ஊர்கள் தயாராவது பற்றி உங்கள் நாளிதழில் தொடர்ந்து செய்திகள் வருகின்றன. வாய்க்கால் தூர்வாருவது, மணல் மூட்டை அடுக்குவது, படகுகளைக் கரையேற்றுவது என்று எல்லாம் வந்துவிட்டன. நான் சொல்லவருவது இன்னொரு வேலை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் சென்னை, காரைக்கால் ரேடார்களின் நகரும் படங்கள் வருகின்றன அல்லவா, அவற்றைப் புயல் நாளிலும் பெருமழை நாளிலும் அன்றே நம் கணினியில் சேமித்து வைக்கும் வேலை.

அன்றே என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரேடார் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய படம் தருகிறது. கடைசியாக வந்த படங்களை வரிசையாகக் கோத்து ஒரே ஜிஃப் கோப்பாக்கி அந்தப் பக்கத்தில் ஓடவிடுகிறார்கள். புதிய படம் வர வர, பழையது வரிசையிலிருந்து கழன்றுவிடும். கோப்பின் பெயரும் இணைய முகவரியும் மாறுவதில்லை, உள்ளே இருக்கும் படங்கள்தான் மாறுகின்றன. அதனால் புயல் இரவில் அந்த இணைப்பை நண்பருக்கு அனுப்பி வைத்தாலும் பயனில்லை. அவர் மறுநாள் காலை திறந்தால் மறுநாள் காலையின் வானம்தான் தெரியும்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது எங்களுக்கு மின்சாரமும் இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, எங்களோடு பேச வழியில்லாமல், காரைக்கால் ரேடார் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பார்த்ததோடு நிற்காமல் அவ்வப்போது தன் கணினியில் இறக்கியும் வைத்திருக்கிறான். புயல் கரையை நெருங்கிய நேரத்துப் படங்கள் அவை. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு புயலுக்கும் நானும் சேமிக்கிறேன்.

இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் கஜாவின்போது பள்ளிக்கே வராத குழந்தைகள். வீட்டில் பெரியவர்கள் சொல்லும் கதைதான் அவர்களுக்குப் புயல். அந்தக் கதையில் தவறாமல் ஒரு கட்டம் வரும்: பேய்க்காற்று வடக்கிலிருந்து அடித்தது, திடீரென்று ஓய்ந்தது, போய்விட்டது என்று வெளியே வந்தால் தெற்கிலிருந்து மறுபடி அடித்தது. பாடப்புத்தகத்தில் புயலின் கண் என்று ஒரு வட்டம் போட்டிருக்கும். அந்த வட்டத்தையும் பாட்டி சொன்ன கதையையும் பிள்ளைகளால் சேர்த்துப் பார்க்க முடிவதில்லை. தம்பி கொடுத்த படத்தை ஆய்வகத் திரையில் ஓடவிட்டதும் சேர்ந்துவிட்டது. நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்கிலிருந்து மேற்கே நகரும் புயலின் கண் ஊருக்கு மேல் வருமுன் வடகாற்று, கண் வந்தபோது அமைதி, கண் தாண்டியபின் தென்காற்று. மழை மேகங்களின் வளையமும் நடுவே வெற்றிடமும் கரையை நோக்கி வருவதைத் திரையில் பார்த்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், எங்க ஆத்தா சொன்ன ஓய்ச்சல் இதுதானா?” நின்றுபோன ஒற்றைப் படத்தில் அவளுக்கு இது விளங்கியிருக்காது. சுழற்சியும் நகர்வும் ஒன்றாகத் தெரிய, படங்கள் அடுத்தடுத்து ஓடவேண்டும்.

சரி, எப்படிச் சேமிப்பது? நான் பார்த்தவரை பலர் செய்வது ஸ்கிரீன்ஷாட். அதில் வரிசையிலிருந்து ஒரே ஒரு படம்தான் கிடைக்கும். இன்னும் சிலர் கணினித் திரையைச் செல்போனால் வீடியோ எடுக்கிறார்கள். அதில் நேரம் குறித்த சின்ன எழுத்துகள் கலங்கிவிடும்.

அசல் கோப்பையே எடுப்பது இதைவிட எளிது. நகரும் படத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி ‘சேவ் இமேஜ் ஆஸ்’ கொடுத்தால் போதும். எல்லாப் படங்களும் ஒரே கோப்பில் வந்துவிடும். செல்போன் என்றால் படத்தை அழுத்திப் பிடித்தால் டவுன்லோடு என்று வரும். சேமிக்குமுன் படத்தில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். உலாவி சில சமயம் முன்பு பார்த்த பழைய கோப்பையே காட்டும். கண்ட்ரோலையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்தினால் புதியது வரும். சேமித்ததைத் திறந்தால் படம் நகரவில்லையே என்று பதற வேண்டாம். சில மென்பொருள்கள் ஜிஃப் கோப்பின் முதல் படத்தை மட்டும் காட்டும். அதே கோப்பை இழுத்து உலாவியில் போட்டால் ஓடும்.

அசல் ஜிஃப் கோப்புதான் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது நிறத்துக்காக. ரேடார் படத்தில் ஒவ்வொரு நிறமும் ஓர் அளவு. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையை டிபிஇசட் என்ற அலகில் சொல்கிறார்கள், ஓரத்தில் அந்த நிற அளவுகோலும் இருக்கும். 1987-இல் வந்த இந்த ஜிஃப் வடிவம் ஒரு படத்தில் 256 நிறங்களுக்கு மேல் தாங்காது. புகைப்படத்துக்கு அது போதாது. சில நிறங்களே உள்ள ரேடார் படத்துக்கு அது தாராளம், அந்த நிறங்களை ஒரு புள்ளிகூடச் சிதைக்காமல் சுருக்கி வைக்கும். வீடியோவாக மாற்றினால் நிறங்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எது நாற்பது, எது ஐம்பது என்று பிறகு படிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் ஜிஃப் கோப்பைப் படமாக அனுப்பினால் அது வீடியோவாக மாறிச் சுருங்கித்தான் போய்ச் சேரும். ‘டாகுமெண்ட்’ என்ற வழியில் அனுப்பினால் அசல் அப்படியே போகும்.

அப்புறம் பெயர் வைப்பது. இறக்கிய கோப்பு ஒவ்வொரு முறையும் ஒரே பெயரில்தான் வரும், பக்கத்தில் 1, 2 என்று எண் சேரும். ஒரு மாதம் கழித்து எது எந்த இரவு என்று யாருக்கும் தெரியாது. ஆண்டு, மாதம், தேதி, நேரம், ரேடார் ஊர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். ஆண்டை முதலில் போட்டால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். படத்தில் இருப்பது யுடிசி என்ற உலக நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். கஜா கரை கடந்தது 16-ஆம் தேதி நள்ளிரவு 12.30 மணியிலிருந்து 2.30 மணிக்குள் என்று வானிலைத் துறை பதிவு செய்திருக்கிறது. யுடிசி கணக்கில் அது 15-ஆம் தேதி இரவு 7 மணியிலிருந்து 9 மணி வரை. இது தெரியாமல் 16-ஆம் தேதி போட்ட படத்தைத் தேடுகிறவருக்குக் கண் கரையேறிய நேரமே அகப்படாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு அங்கேயே மணிக்கணக்காக நகராமல் நின்றதே, அந்த இரவின் கோப்புகளை நான் இரண்டு நேரத்தையும் சேர்த்தே பெயரிட்டு வைத்திருக்கிறேன்.

எல்லாத் தளங்களிலும் ஜிஃப் கோப்பு இருக்காது. இன்சாட் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் சில பக்கங்களில், தனித்தனிப் படங்களைப் பக்கமே மாற்றி மாற்றி ஓட்டும். அங்கே வலது பொத்தான் ஒரு படத்தைத்தான் தரும், அல்லது அதுவும் தராது. பக்கத்தில் டவுன்லோடு பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் படங்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டுச் சேமித்து, ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் அடுக்குகளாகத் திறந்து, ‘அனிமேஷன்’ என்று குறித்து ஜிஃப் கோப்பாக வெளியேற்றலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுகிறார்கள். நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் பழைய தேதிகளைக்கூடத் தேர்ந்தெடுத்து ஓடும் படமாக இறக்கிக்கொள்ளலாம். 2016 டிசம்பர் 12-இல் சென்னையைத் தாக்கிய வர்தாவை அங்கே தேடலாம். ஆனால் அந்தத் தளத்தின் முக்கியமான படங்கள் துருவப் பாதைச் செயற்கைக்கோள்கள் நாளுக்கு ஓரிரு முறை கடந்து போகும்போது எடுப்பவை. கண் கரையேறும் அந்த இரண்டு மணி நேரத்தை ரேடார்தான் காட்டும்.

சேமிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தில் இருக்கும் துறையின் பெயரையும் தேதியையும் நேரத்தையும் வெட்டாதீர்கள். புயல் சின்னம் உருவானதுமே ஏதோ ஒரு பழைய புயலின் ஓடும் படம் ‘இப்போது’ என்ற தலைப்போடு செல்போன்களில் சுற்ற ஆரம்பிக்கிறது. கடலுக்குப் போன வீட்டாரை அது எப்படிக் கலங்கடிக்கும் என்பது கோடியக்கரை, ஆறுகாட்டுத்துறைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். தேதி போட்ட அசல் கோப்பு கையில் இருக்கிறவர் அதை அப்போதே மறுக்கலாம்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் டெல்டாக்காரர்கள் இந்த வேலையில் முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். புயல் ஊருக்கு மேல் நிற்கும்போது ஊரில் மின்சாரம் இருக்காது. உங்களிடம் இருக்கும். எப்படியும் நீங்கள் தூங்கப் போவதில்லை, அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். மணிக்கு ஒருமுறை சேமியுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையின் செயற்கைக்கோள் ஓட்டத்தை யாராவது சேமித்திருந்தால், உங்கள் பக்கத்துப் பள்ளிக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

வானிலை ஆய்வுத் துறைக்கும் ஒரு கோரிக்கை. ரேடார் படங்களை எல்லோரும் இலவசமாகப் பார்க்கும்படி திறந்து வைத்திருப்பது பெரிய காரியம், கடலோரத்தில் இருக்கும் நாங்கள் அதற்கு நன்றி உள்ளவர்கள். அமெரிக்காவில் 1991 முதலான ரேடார் பதிவுகளை யார் வேண்டுமானாலும் தேதி சொல்லி எடுத்துக்கொள்ளலாம். நம் ரேடார் பக்கத்திலும் ‘பழைய நாள்கள்’ என்று ஒரு பொத்தான் வைத்து, பெரும்புயல், பெருமழை நாள்களின் ஓட்டங்களையாவது தேதிவாரியாக எல்லோரும் இறக்கிக்கொள்ளத் தரவேண்டும். பள்ளிகளுக்கு மட்டுமல்ல, எந்த வாய்க்கால் எப்போது நிரம்பியது என்று கணக்குப் பார்க்கும் பாசன சங்கங்களுக்கும், ஊராட்சிகளுக்கும் அது உதவும். இந்தப் பருவமழையிலேயே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியை,
திருத்துறைப்பூண்டி.